இடது கைப்பிடி

ஜூன் 4

சில்வண்டுக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓயாமல் பேசுகிறாய் என்று உன் அண்ணன் வைத்த பெயர். வேறு எப்படித் தொடங்குவது என்று எழுதி எழுதிக் கிழித்ததில் காகிதம்தான் தீர்ந்தது. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி ஒரு தடவை எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படாதா என்ற நப்பாசைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் இருக்கும் பெரிய லேத் மெஷினை என்ன செய்வது? உங்கள் அப்பா வாங்கியது. உனக்கும் அதில் பாத்தியதை உண்டு. உன்னைக் கேட்காமல் விற்க மனம் வரவில்லை. நான் சின்ன லேத்தில்தான் வேலை பார்க்கிறேன். புஷ், பின், போல்ட்டு என்று ஏதோ வருகிறது, பிழைப்பு ஓடுகிறது. பெரிய லேத்தை உன் அண்ணன் போனதிலிருந்து ஓட்டவில்லை. ஓட்ட முடியவில்லை என்பதுதான் சரி.

அன்றைக்கு அவர், கவ்விச் சுற்றுகிற சக்கில் மாட்டிய கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. பாதி தூரம் நர்லிங் போட்டிருக்கிறது, மீதி வழவழவென்று கிடக்கிறது. மண்ணெண்ணெய் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நீ, உனக்கு நர்லிங் என்றால் தெரியுமோ என்னவோ. கை வழுக்காமல் இருக்கக் கம்பியின் மேல் பொடிக் கட்டமாகச் சொரசொரப்பு ஏற்றுவோமே, அதுதான். துரு ஏறாமல் இருக்க அந்தக் கம்பிக்கு எண்ணெய் மட்டும் தடவுகிறேன்.

சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. "எங்க குடும்பத்துக்கே பயப்படாதவ பேய்க்கா பயப்படப் போறே" என்று உன் அண்ணனே கிண்டல் செய்வார். ஆனாலும் பார், சாயந்திரம் எண்ணெய் தடவிப் பூட்டும்போது, பெரிய லேத்தின் சக்கை இறுக்கச் சாவி போடும் துளையை மேலே பார்க்க நிறுத்திவிட்டு வருவேன். காலையில் திறந்தால் ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். யாரோ கையால் லேசாக உருட்டிப் பார்த்துவிட்டு விட்ட மாதிரி. லாரி போகிற அதிர்வு என்கிறார் மோட்டார் மெக்கானிக். அப்படியானால் சின்ன லேத் மட்டும் ஏன் அசையாமல் இருக்கிறது என்று கேட்டேன். மனுஷன் டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. அவருடைய மேசை டிராயரில் கிடந்தது. நீ ஓட்டும் பஸ்ஸின் கியர் கம்பியில் முறுக்கி மாட்டும் கைப்பிடி. வியர்வையில் கை வழுக்குகிறது என்று அவரிடம் சொன்னாயாம். குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி ஏணிக்கு வாங்கிய கம்பியில் மிஞ்சிய துண்டில் செய்து வைத்திருக்கிறார். என் கை பட்டு வருகிறது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே.

அண்ணி


ஜூன் 15

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பொட்டலமும் வந்தது. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறேன். பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு வந்து சீட்டை இடிக்கிறது.

பெரிய லேத்தை விற்றுக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் சரி. அண்ணனே போன பிறகு இரும்பில் எனக்கு என்ன பாத்தியதை வேண்டிக் கிடக்கிறது?

சக்கு தானாகத் திரும்புகிறதாம். எனக்குப் பயம் வரவேண்டும் என்று எழுதினீர்களா, பாவம் என்று நினைக்க வேண்டும் என்று எழுதினீர்களா? அது திரும்பட்டும். அவன் வாசலைத் தாண்டும்போது தெருவே கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னீர்களே, "போய்த் தொலை!" என்று, அது என் காதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்கு எந்த மெக்கானிக்கைக் கேட்பது? எதிர்வீட்டு அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. உங்களிடமே கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினீர்கள்.

ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், தெரியும். நானே என் கண்டக்டரிடம் தினமும் சொல்கிறேன். அவன் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். என் அண்ணன் போய் அவ்வளவு உயரத் தொட்டியின் மேல் ஏறினான்.

குடியிருப்புக் காவல்காரர் என்னிடம் சொன்னது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். "கரண்டு இல்லீங்கம்மா. அவரு மேல விளிம்புல நின்னுக்கிட்டு ஒரே பக்கமா பாத்துக்கிட்டிருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. கரண்டு வந்துச்சு, மோட்டார் போட உள்ள போனேன். வெளிய வந்து நிமிந்து பாத்தா, மேல ஆளக் காணோம்." இவ்வளவுதான். கீழே எங்கே கிடந்தான் என்று உங்களுக்கே தெரியும்.

இனி எழுத வேண்டாம்.


ஜூன் 24

சில்வண்டுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளாக இருந்தால் உன் அண்ணன் என்னைக் கட்டியிருக்கவே மாட்டார்.

அந்த வார்த்தையைச் சொன்னேன். இல்லை என்று ஒரு நாளும் சாதித்ததில்லை. எதற்காகச் சண்டை வந்தது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது கேளாமலே சொல்கிறேன்.

தொட்டி ஏணி நம் பட்டறையில் செய்தது. படிகள் எல்லாமே நர்லிங் போட்ட கம்பிகள், மழையில் கை வழுக்கக்கூடாது என்று. ஏணி தொட்டியின் விளிம்போடு முடிந்துவிடும். மேலே போய்க் கால் வைக்கவும், திரும்பி இறங்கவும் விளிம்புக்கு மேலே இரண்டு பக்கமும் கனமான கைப்பிடி நிமிர்ந்து நிற்க வேண்டும். அன்றைக்குக் காலையில் போய் ஏணியையும் வலது கைப்பிடியையும் மாட்டிவிட்டு வந்தார். இடது கைப்பிடி சக்கில் ஓடிக்கொண்டிருந்தபோது, பாதி நர்லிங்கில் கரண்டு போய்விட்டது. சாயந்திரம் ஆகியும் கரண்டு வருகிற வழியைக் காணோம். எனக்கு மனம் கேட்கவில்லை. "ஒத்தக் கையோட ஏணிய நிக்க வச்சிட்டு வந்திருக்கீங்களே, எவனாவது ஏறி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றேன். "கரண்டு போனதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?" என்றார். பேச்சு வளர்ந்தது. "உனக்குக் குறை சொல்லாம ஒரு நாள் விடியாது. நான் எங்கயாவது போயி நிம்மதியா நிக்கிறேன்" என்று சட்டையை மாட்டினார். கோபத்தில் என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வார்த்தை.

இதில் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் அவரைக் கிடத்தியிருந்த அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாய். என்னை உள்ளே விடவில்லை. வெளியே கொண்டுவந்தபோது முகம் மட்டும்தான் தெரிந்தது, மற்றதையெல்லாம் துணியால் சுற்றிவிட்டார்கள். சண்டைக்காக எழுதவில்லை, சத்தியமாக இல்லை. நீ உள்ளே பார்த்ததை எனக்குச் சொல். முகத்தை நானும் பார்த்தேன். கை எப்படி இருந்தது?

ஏன் கையைக் கேட்கிறேன் என்று நினைப்பாய். நர்லிங் போட்டு முடித்ததும் அவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துப் பார்ப்பார். பிறகு கம்பியைக் காட்டமாட்டார், உள்ளங்கையை விரித்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார். "எப்படி?" என்பார். கையில் விழுந்திருக்கிற அச்சைப் பார்த்து நான் சொல்ல வேண்டும், ஆழம் போதாது என்றோ, நுனி கூர்மையாக இருக்கிறது என்றோ. கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு நான் சரி என்று சொல்லாமல் ஒரு ஜாப் கூட வாசலைத் தாண்டாது. அப்படி எத்தனையோ தடவை நீட்டிய கையைக் கடைசியில் நான் பார்க்கவில்லை.

அண்ணி


ஜூலை 10

அண்ணி அவர்களுக்கு,

நீங்களாகக் கேட்டீர்கள். பிறகு தூக்கம் போயிற்று என்று என்னைத் திட்டக்கூடாது. எனக்குப் போய் வெகு நாளாயிற்று.

இடது கை சும்மா கிடந்தது, சுத்தமாக. வலது கை முக்கால்வாசி மூடியிருந்தது. நான்தான் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாக அச்சு, விரல்களின் உள்பக்கமும் அதே மாதிரி. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு மட்டும் கட்டமே இல்லாமல் வெறுமையாக ஓடியது. விரல்களின் நடுவில் இன்னொரு கோடு, அதே போல வெறுமையாக. விரல் அடியில் தோல் உரிந்து சுருண்டிருந்தது. தடவிப் பார்த்தேன். ஊசி ஊசியாகத் தட்டுப்பட்டது.

தொட்டி விளிம்பைச் சுற்றிப் புறா வராமல் இருக்க நெருக்கமாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள், நீங்களும் கீழே இருந்து பார்த்திருப்பீர்கள். அதைத்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வலையின் அச்சு சதையில் இறங்குகிற அளவுக்கு! எவ்வளவு நேரம் நின்றானோ, என்னென்ன யோசித்தானோ. போகலாமா வேண்டாமா, போகலாமா வேண்டாமா. கடைசியில் விட்டுவிட்டான்.

அந்தக் கையை நீங்கள் பார்க்கக்கூடாது என்றுதான் வாசலில் நின்றேன். கோபத்தில் மறித்தேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கோபமும் இருந்தது. ஆனால் அதைப் பார்த்தால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்றும் தோன்றியது. ஏன் எனக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் கை என்னோடு பஸ்ஸில் வருகிறது. கியர் மாற்றக் கையை இறக்கினால் அங்கே ஏற்கனவே ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. சட்டென்று கையை எடுத்துவிடுகிறேன். போன வாரம் மேட்டில் ஏறும்போது அப்படி எடுத்து, வண்டி நின்று, பின்னால் இருந்த அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். கண்டக்டர் "என்னக்கா, தூக்கமா?" என்றான்.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். போதுமா?


ஜூலை 18

சில்வண்டுக்கு,

உன் கடிதத்தைச் சின்ன லேத் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். மெஷினை நிறுத்திவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒன்று தெரிகிறது. ஆனால் சொல்லமாட்டேன். நான் சொன்னால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். அதனால் நீயே பார்.

சீட்டுக்குப் பின்னால் உருளுகிற பொட்டலத்தைப் பிரி. கைப்பிடியைக் கியர் கம்பியில் மாட்டு. வண்டி ஓடாதபோது செய், பயணிகள் உயிரோடு விளையாடாதே. மாட்டிவிட்டு வலது கையால் பிடி. கியர் போடுகிற பிடி இல்லை, வழுக்கி விழப்போகிற ஆள் கிடைத்ததைப் பிடிக்கிற பிடி. வலிக்கும், விடாதே. அப்புறம் கையை விரித்துப் பார். கட்டம் நேராக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா என்று பார். நீ ஆஸ்பத்திரியில் பார்த்தது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்.

பார்த்ததை எனக்கு எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு, நீ பார்த்தால் எனக்குப் போதும். போதும் என்று எழுதிவிட்டேன், போதாது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். கவனத்தை வாசலில் வைத்துக்கொண்டு லேத் பக்கம் போகக்கூடாது. இரண்டு ஜாப் வந்தது, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

அண்ணி


ஜூலை 29

அண்ணிக்கு,

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று பாதி புரிந்தது, அதனாலேயே பயமாக இருந்தது. இத்தனை நாள் உங்கள்மேல் கோபம் என்று ஒன்று இருந்தது, பிடித்துக்கொண்டு நிற்க. அதையும் விட்டால் எதைப் பிடிப்பேன்?

நேற்று கடைசி டிரிப் முடிந்து ஷெட்டில் வண்டியை விட்டதும் மாட்டினேன். நல்ல மழை. ஷெட்டின் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து வலது கையால் பிடித்தேன். முதலில் சும்மா பிடித்தேன். பிறகு அந்தத் தொட்டியின் உயரத்தை நினைத்துக்கொண்டேன், கீழே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கியரப் புடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்றான். அவனை விரட்டிவிட்டுக் கையை விரித்தேன்.

அதே கை.

கட்டம் சாய்வாகத்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரியே. புறா வலையின் கட்டம் நேராக அல்லவா இருக்கும். உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு வெறும் கோடு. விரல்களின் நடுவில் இன்னொன்று. அண்ணி, என் கையில் அவன் கை வந்து உட்கார்ந்திருந்தது. கத்திவிட்டேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் இன்னொன்று கவனித்தேன், இது நீங்கள் சொல்லாதது. கண்டக்டர் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் கோடும் இல்லை, கட்டமும் இல்லை, கை பழையபடி ஆகிவிட்டது. மறுபடி பிடித்தேன். மறுபடி விழுந்தது, மறுபடி மறைந்தது. ரத்தம் ஓடுகிற கையில் அச்சு தங்கவில்லை. அப்படியானால் அவன் மேலே ஏறும்போது பிடித்தது இல்லை அது. அது எப்போதோ மறைந்திருக்கும், அவன் அவ்வளவு நேரம் மேலே நின்றானே. கையில் தங்கியது என்றால் அதுதான் அவன் கடைசியாகப் பிடித்தது. அதற்குப் பிறகு அவன் கையில் ரத்தம் ஓடவில்லை. குதிக்கிறவன் எதையாவது அப்படிப் பிடிப்பானா? தோல் உரிகிற மாதிரி பிடிப்பானா?

அவன் விடவில்லை, அண்ணி. கை கிழிகிற வரைக்கும் விடவில்லை.

நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் பாவம், இரண்டு டீயையும் அவனே குடித்துவிட்டு வெளியே காவல் நின்றான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஏணிப் படிகளிலும் இதே நர்லிங்தானே? அவன் எந்த இடத்தைப் பிடித்திருந்தான்? உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

சில்வண்டு


ஆகஸ்ட் 8

சில்வண்டுக்கு,

கையெழுத்து இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

கேட்டதற்குப் பதில். நர்லிங் போடுவதற்குப் பல் வைத்த இரண்டு சின்னச் சக்கரம் உண்டு, வீல் என்போம். சுற்றுகிற கம்பியின் மேல் வைத்து அழுத்தினால் ஒன்று இந்தப் பக்கம் சாய்த்துக் கோடு போடும், மற்றது அந்தப் பக்கம். இரண்டும் குறுக்கிட்டால் கட்டம். நம்முடையதில் ஒரு வீலில் ஒரு பல் உடைந்துபோயிருந்தது. மாற்றுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அடுத்த சுத்துல மூடிக்கும்டி" என்பார். அவர் சொன்னதும் சரிதான். உடைந்த பல் விட்ட இடத்தை அடுத்த சுற்றில் வேறு பல் வந்து அழுத்தி மூடிவிடும். ஏணிப் படிகளில் அப்படி மூடிவிட்டது. நான் போய்த் தடவிப் பார்த்தேன், ஒரு படியிலும் கோடு இல்லை. ஆனால் கம்பியின் சுற்றளவு வீலின் சுற்றளவைப் போலச் சரியாக இரண்டு மடங்காக அமைந்துவிட்டால், உடைந்த பல் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் வந்து விழும். எத்தனை தடவை சுற்றினாலும் மூடாது. எதிரும் புதிருமாக இரண்டு கோடு நின்றுவிடும். அந்தக் கனத்தில் அவர் செய்தது மூன்றே மூன்று. உன் கியர் கைப்பிடி டிராயரில் இருந்தது. இடது கைப்பிடி சக்கில் இருந்தது. மிச்சம், தொட்டி மேலே நிற்கிற வலது கைப்பிடி.

அதை நேரில் பார்க்காமல் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். அவர் போன பிறகு ஏணியின் கீழ்ப்படிகளைத் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கழற்ற வைத்து, நேற்று சாயந்திரம் ஏறினேன். இந்த வயதில் இது தேவையா என்று முழங்கால் கேட்டது. கைப்பிடியில் இரண்டு கோடும் இருக்கின்றன.

அவர் நின்ற இடத்தில் நின்றேன். ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாரே காவல்காரர், அந்தப் பக்கமாகப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, நம் பட்டறைதான் இருக்கிறது. கூரையில் ஒட்டுப் போட்ட தகரமும் வாசலும் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரிகின்றன.

நீ என்னை நம்பவேண்டும், இதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். கரண்டு வந்ததும் நான் முதலில் செய்தது வாசல் விளக்கைப் போட்டதுதான். கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. வெளிச்சத்தைப் பார்த்தாவது மனுஷன் வந்து அந்த மிச்சத்தை முடிக்கட்டும் என்று போட்டேன். அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். காவல்காரர் மோட்டார் போட உள்ளே போன நேரம் அதுதானே?

நானும் இறங்கத் திரும்பினேன். முதுகைக் காட்டிக் கீழ்ப்படிக்குக் காலை விடும்போது வலது கை தானாகக் கைப்பிடியைப் பிடித்தது. இடது கையும் தானாக நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்து ஏறிய எனக்கே கை காற்றில் அலைந்தது. அவர் மனதில் அந்த ஜோடியை முழுசாகச் செய்து முடித்திருப்பார். வலது கையில் மட்டும் அவ்வளவு பாரத்தையும் தாங்கியிருக்கிறார், தோல் உரிகிற வரை.

அவர் என் வார்த்தையால் போகவில்லை என்று தெரிந்தால் அழுகை நின்றுவிடும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் சரியான அழுகையே வருகிறது. தொலைந்து போகப் போனவரைப் பறிகொடுத்தது ஒரு மாதிரி. வீட்டுக்கு வரக் கிளம்பியவரைப் பறிகொடுத்தது வேறு மாதிரி. ஆனால் இதோடு என்னால் இருக்க முடியும், சில்வண்டு. அதோடு முடியவில்லை.

இன்று காலை பெரிய லேத்தை ஓட்டினேன். பாதியில் நின்ற நர்லிங்கைத் தொடர்வது லேசுப்பட்ட வேலை இல்லை. வீல் பழைய தடத்திலேயே விழ வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கோட்டுக்கு நடுவில் கோடு விழுந்து அவர் போட்டதும் சேர்ந்து கெட்டுவிடும். வீலின் உடைந்த பல்லைக் கம்பிக்கு நேராக நிறுத்தி, சக்கைக் கையால் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டே வந்தேன். சாவித் துளை ஜன்னல் பக்கம் சாய்ந்து, காலையில் தினமும் எங்கே நிற்குமோ அங்கே வந்ததும் டொக்கென்று வீல் உட்கார்ந்தது. நான் விளக்கம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முடித்துவிட்டேன். எண்ணெய் துடைத்து, கெட்டியாகப் பிடித்துப் பார்த்தேன். அச்சு நன்றாக விழுந்தது. உள்ளங்கையை விரித்துக்கொண்டு பட்டறை நடுவில் நின்றேன். நீட்ட ஆள் இல்லை.

சக்கில் இப்போது ஒன்றும் இல்லை. மத்தியானம் சாவித் துளையை மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. அசையவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கைப்பிடியை மாட்டுவதற்கு நீ வருகிறாயா? நான் ஒருத்தியாகவே மாட்டிவிடுவேன், ஸ்பானர் பிடிக்க இன்னும் தெம்பு இருக்கிறது. வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டியில் வந்து இறங்குவேன். ஆயுசில் முதல் தடவையாக இன்னொரு டிரைவரை நம்பி உட்காரப் போகிறேன், வேண்டிக்கொள்ளுங்கள்.

பெரிய லேத்தை விற்க வேண்டாம். எடைக்குப் போடச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாசலில் மறித்த கைகளையும்தான். நேரில் சொல்கிறேன்.

நான் வந்ததும் கைப்பிடியைப் பிடித்துவிட்டு உள்ளங்கையை என்னிடம் நீட்டுங்கள். எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் குறை சொல்கிறேன்.

தொட்டியில் நான்தான் ஏறுவேன், நான்தான் மாட்டுவேன். நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு பயப்பட வேண்டாம், பட்டறையில் இருங்கள். மாட்டி முடித்த பிறகு, பொழுது சாய்கிற வரைக்கும் அவன் பார்த்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நீங்கள் வாசல் விளக்கைப் போடுங்கள். போட்டதும் இரண்டு கையாலும் பிடித்து இறங்கி வருகிறேன்.

சில்வண்டு